புதுவருடம் பிறந்தால் கணினி பழுதாகுமா?

"ஜனவரி 1 பிறந்ததும் பழைய கணினிகளில் திகதி பின்னுக்குப் போகும், அது வைரஸ், எல்லாவற்றையும் அழித்து விண்டோஸ் போடுங்கள்" என்று கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் வட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது. பொய். தயவுசெய்து இதை நம்பிப் பிள்ளைகளின் கோப்புகளை அழித்துவிடாதீர்கள்.

கரண்ட் இல்லாத நேரத்திலும் கணினியின் கடிகாரத்தை ஓட்டுவது மதர்போர்டில் (கணினிக்குள் இருக்கும் முதன்மைச் சுற்றுப்பலகையில்) இருக்கும் சின்ன வட்டப் பற்றரி. பெரும்பாலும் சிஆர்2032 என்ற வகை, 3 வோல்ட். அது தீர்ந்துவிட்டால், பிளக்கைக் கழற்றியதும் திகதி ஏதோ ஒரு பழைய ஆண்டுக்குப் போய்விடும். டிசம்பர் விடுமுறையில் பூட்டிக்கிடந்த பாடசாலைக் கணினியை ஜனவரியில் போட்டுப் பார்க்கும்போதுதான் அது தெரியவருகிறது. பழி புதுவருடத்தின் மேல். திகதி பிழைத்தால் இணையத்தளங்களும் 'பாதுகாப்பில்லை' என்று மறிக்கும். அதுவும் வைரஸ் இல்லை. பற்றரியை மாற்றி, திகதியைச் சரிசெய்யுங்கள், போதும்.

ஆண்டு மாறி மென்பொருள் தடுமாறியதும் உண்டுதான்: 2022 ஜனவரி 1 அன்று நிறுவனங்கள் மின்னஞ்சலுக்குப் பயன்படுத்தும் மைக்ரோசொஃப்ட் எக்ஸ்சேஞ்ச் சேர்வர்களில் மின்னஞ்சல்கள் தேங்கின. அதற்குத் திருத்தம் வந்துவிட்டது. வீட்டுக் கணினிக்கும் அதற்கும் தொடர்பில்லை.