ஜீன் கெல்லி ஆடியது பால் மழையில் அல்ல

1952-இல் வெளிவந்த ‘சிங்கிங் இன் த ரெயின்’ என்ற ஹாலிவுட் இசைப் படத்தில் நடிகர் ஜீன் கெல்லி மழையில் குடையோடு ஆடும் காட்சியைப் பகிர்கிறவர்கள் பலரும், ‘மழை கேமராவில் தெரிவதற்காகத் தண்ணீரில் பால் கலந்தார்கள்’ என்று சேர்த்து எழுதுகிறார்கள். இது தவறு. குழாய்களிலிருந்து கொட்டியது வெறும் தண்ணீர்தான்.

மழையைக் காட்டியது விளக்கு. முன்னாலிருந்து வெளிச்சம் பட்டால் நீர்த்துளி பின்னணியோடு கரைந்துவிடும். பின்னாலிருந்து பட்டால் ஒவ்வொரு தாரையும் வெள்ளிக் கம்பியாக மின்னும். ஒளிப்பதிவாளர் ஹரால்ட் ராசன் செய்தது இதைத்தான். அந்தத் தெரு முழுக்கக் கடைக் கண்ணாடிகள். அவற்றில் விளக்குகள் தெரியாமல் ஒளியமைப்பது எத்தனை கடினம்! அந்தக் கலைஞனின் உழைப்பைப் பால் பாத்திரத்துக்குத் தாரை வார்ப்பது நியாயமே இல்லை.

எம்ஜிஎம் ஸ்டூடியோவின் திறந்தவெளித் தெரு அரங்கில், மேலே தார்ப்பாய் கட்டிப் பகலை இரவாக்கினார்கள். கெல்லியின் கால் விழவேண்டிய இடங்களில் தரையைக் குடைந்து குட்டைகள் அமைத்தார்கள். அவருக்கு அப்போது 103 டிகிரி காய்ச்சல் என்பது உண்மை. நனைந்த கம்பளி உடை சுருங்கியதும் உண்மையே.

கூடவே சுற்றும் ‘ஒரே டேக்கில் எடுத்தது’ என்ற பேச்சும் பொய். காட்சியைக் கவனித்துப் பார்த்தாலே ஷாட்டுகள் மாறுவது தெரியும். தண்ணீரில் தாளமிடும் காலடி ஓசையும் பின்னர் தனியாகப் பதிவு செய்து சேர்க்கப்பட்டதுதான்.