ஒரு வரி எழுதியிருக்கலாம்

ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர்க் கிராமசபையில் நடந்ததை வீடியோவில் எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். அதில் கத்துகிற குரல் என்னுடையதுதான். வருத்தம் தெரிவிக்கச் சொல்லி இரண்டு பேர் உள்பெட்டியில் எழுதியிருக்கிறார்கள். தெரிவிக்கப் போவதில்லை. ஏன் கத்தினேன் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

எங்கள் ஊராட்சியைப் பக்கத்து நகராட்சியோடு இணைக்கும் பட்டியலில் சேர்த்தபோது எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் கோபம் இதுதான். நகராட்சியோடு சேர்வது நல்லதா கெட்டதா என்பதெல்லாம் அப்புறம்.

2019 டிசம்பரில் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர்கள் எல்லோருடைய பதவிக்காலமும் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்தது. அன்று தேர்தல் நடந்த 27 மாவட்டங்களிலும் இதே நிலைதான். 16 மாநகராட்சிகளையும் 41 நகராட்சிகளையும் விரிவாக்கும் அறிவிப்பும் அதே நாட்களில்தான் வந்தது. எங்களுக்காகப் பேச ஒருவரும் பதவியில் இல்லாத நேரம் பார்த்து எங்கள் ஊரின் பெயர் பட்டியலில் ஏறியது. ஊராட்சியைக் கவனிக்க அரசு நியமித்த தனி அலுவலர் இருக்கிறாரே என்கிறார்கள். இருக்கிறார். ஆனால் அவரை நாங்கள் தேர்ந்தெடுக்கவில்லை, அவர் எங்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவரும் இல்லை.

மிச்சமிருந்தது கிராமசபை ஒன்றுதான். மூவாயிரத்துக்கு மேல் மக்கள் உள்ள எங்களைப் போன்ற ஊராட்சிக்கு 200 பேர் வந்தால் கோரம், அதாவது கூட்டம் செல்லுபடியாகத் தேவையான குறைந்தபட்ச வருகை. வழக்கமாக அதற்கே ஆள் தேடி வீடு வீடாகப் போவார்கள். அன்று பள்ளிக்கூடத் திடல் கொள்ளவில்லை. நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்கள் காலையிலேயே வந்து மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்கள். இணைப்பு வேண்டாம் என்று தீர்மானம் போடுங்கள் என்று எல்லோரும் கையைத் தூக்கினோம். வந்திருந்த அலுவலர், "பொருள் நிரலில் இது இல்லை, கருத்தாகச் சொல்லுங்கள், தீர்மானமாக எழுத முடியாது" என்று சொல்லிப் பதிவேட்டை மூடி வைத்தார். அந்தத் தீர்மானத்தால் அரசாணை மாறிவிடாது என்று எங்களுக்கும் தெரியும். ஆனாலும் ஊர் வேண்டாம் என்று சொன்னதற்கு ஒரு தடயம் இருந்திருக்கும். ஒரு வரி எழுதியிருக்கலாம்.

"வளர்ச்சி வேண்டாமா?" என்று கேட்கிறீர்கள். வேண்டும். எங்கள் தெருவில் சாக்கடை இல்லை, மழைக்காலத்தில் தண்ணீர் வாசலில் நிற்கிறது, மறுக்கவில்லை. ஆனால் நகரத்தோடு சேர்த்தால் எல்லாம் வந்துவிடும் என்பதற்கு என்ன உறுதி? 2011இல் சென்னையோடு 42 உள்ளாட்சிகளைச் சேர்த்தார்கள். அதில் 25 கிராம ஊராட்சிகள். பத்து ஆண்டுகள் கழித்தும் அந்தப் பகுதிகள் பலவற்றில் பாதாளச் சாக்கடை முடியவில்லை. தலைநகரத்திலேயே அப்படி என்றால், ஊருக்குள் குப்பை அள்ளவே ஆள் போதாத எங்கள் நகராட்சி எங்களுக்கு என்ன செய்துவிடும்?

வரி மட்டும் தாமதமாக வராது. 2022இல் நகர்ப்புறங்களில் சொத்து வரியை 25 முதல் 150 விழுக்காடு வரை உயர்த்தினார்கள். காலிமனைக்கும் வரி உண்டு. மகள் கல்யாணத்துக்கு என்று வாங்கிப் போட்ட மூன்று சென்ட் மனைக்கு இனி ஆண்டுதோறும் பணம் கட்ட வேண்டும்.

நிலத்தின் விலை ஏறும் என்று சொல்கிறவர்களே, ஏறட்டும். விற்கிறவனுக்குத்தானே அது லாபம்? நாங்கள் விற்கப் போவதில்லை. இப்படிச் சொல்கிறவர்களில் பாதிப் பேர் புறவழிச்சாலை ஓரம் மனை வாங்கிப் போட்டிருப்பவர்கள். பெயர் சொல்லவில்லை, ஊருக்கே தெரியும்.

அடுத்தது, என்னை இரண்டு நாளாகத் தூங்கவிடாத பேச்சு. "நூறு நாள் வேலை போய்விடும் என்றுதான் இவ்வளவு கூச்சல். போய் உட்கார்ந்துவிட்டு வருவதற்குக் கூலி." என் பதிவிலேயே வந்து எழுதியவர் என்னோடு பத்தாம் வகுப்பு வரை படித்தவர். என் அம்மா கையால் சோறு சாப்பிட்டவர்.

ஆமாம், அதற்காகவும்தான். 2005ஆம் ஆண்டு வேலை உறுதிச் சட்டம் அந்த வேலையைக் கிராமப்புறத்துக்கு மட்டுமே தந்தது. நகராட்சி எல்லைக்குள் போன அன்றே வேலை அட்டை வெறும் காகிதம். நகர்ப்புற வேலைவாய்ப்புத் திட்டம் ஒன்று இருப்பது எனக்கும் தெரியும். 2022இல் சோதனை முறையில் சில இடங்களில் தொடங்கியது. எங்கள் ஊர்ப் பெண்களுக்கு அது கிடைக்கும் என்று ஒரு அதிகாரியாவது எழுதித் தருவாரா?

அப்பா இறந்தபோது அம்மாவுக்கு 41 வயது. அதற்கு முன் அவர் பெயரில் பணமாக எதுவும் இருந்ததில்லை. முதல் வங்கிக் கணக்கு நூறு நாள் வேலையால் வந்தது. வரத்து வாய்க்காலில் முள் வெட்டி, ஏரிக்கரையில் மண் சுமந்து வாங்கிய கூலியில் ஒரு வெள்ளாடு வாங்கினார். அந்த ஆட்டின் குட்டிகளை விற்ற பணம்தான் என் கல்லூரி முதலாண்டுக் கட்டணம். 2024-25இல் அறிவிக்கப்பட்ட கூலி ஒரு நாளைக்கு 319 ரூபாய். அதுவும் 2024 நவம்பர் கடைசியிலிருந்து வராமல் நின்றது. காலையில் ஒரு முறை, பிற்பகலில் ஒரு முறை கைபேசிக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுக்கிறார்கள். படத்தில் முகம் இல்லாவிட்டால் அன்றைய வருகை இல்லை. அறுபதைத் தாண்டிய அம்மா அதற்கும் வெயிலில் நிற்கிறார். இதை உட்கார்ந்து வாங்கும் கூலி என்று எழுத எப்படி மனசு வந்தது?

பக்கத்து வீட்டு அத்தை இன்னும் ஓலைக் குடிசையில் இருக்கிறார். கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் மூன்றரை லட்சம் ரூபாய்க்கு மனு கொடுத்துக் காத்திருக்கிறார். அதுவும் ஊரகத் திட்டம். "நம்ம ஊர் டவுன் ஆயிட்டா என் வீடு என்ன ஆகும் தம்பி?" என்று கூட்டம் முடிந்து வரும் வழியில் கேட்டார். நான் பதில் சொல்லாமல் நடந்தேன். அவரைப் பார்த்தும் "வளர்ச்சிக்கு எதிரி" என்பீர்களா?

ஊராட்சி நிர்வாகம் யோக்கியமா என்று கேட்கலாம். இல்லை. முந்தைய தலைவரோடு எனக்குப் பேச்சுவார்த்தையே கிடையாது. தெருவிளக்குக் கணக்கைக் கேட்டதற்கு என்னைத் திட்டியவர். ஆனால் போன சித்திரையில் மோட்டார் எரிந்து மூன்று நாள் தண்ணீர் இல்லாதபோது, காலை ஆறு மணிக்கு அவர் வீட்டு வாசலில் குடத்தோடு போய் உட்கார்ந்தோம். சாயங்காலம் தண்ணீர் வந்தது. நகராட்சியானால் யார் வாசலில் போய் உட்காருவது? மூன்று ஊருக்குச் சேர்த்து ஒரு கவுன்சிலர், அவரும் டவுனில் இருப்பார். நகராட்சி வார்டுகளில் நடக்கும் பகுதி சபா இருக்கிறது என்கிறீர்கள். அது கிராமசபைக்கு ஈடாகாது. கிராமசபையில் ஓட்டுள்ள ஒவ்வொருவரும் உறுப்பினர். என் அம்மா கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டதே அந்தப் பதிவேட்டில் போடத்தான்.

அந்தப் பதிவேட்டைத்தான் ஞாயிற்றுக்கிழமை மூடினார்கள். அம்மா பேனாவைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். நான் கத்தியது அப்போதுதான்.

வரும் திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் ஆட்சியரிடம் மனு கொடுக்கிறோம். ஒன்பது மணிக்கு மாரியம்மன் கோயில் முன்னாலிருந்து வேன் கிளம்பும். எழுதாத அந்தத் தீர்மானத்தை நாங்களே எழுதி, இதுவரை 612 பேரிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறோம். வெளியூரில் இருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் அதற்குள் வர முடிந்தால் வாங்க. முதல் கையெழுத்து அம்மாவுடையது.