ஒன்பது பேர் வந்த கூட்டம்

வேட்பாளர்களைக் கட்சிப் பெருந்தலைகளே தீர்மானித்துவிடுவதால் வாக்களிப்பு வெறும் சடங்காகிவிட்டது என்று நான் படித்த ஒரு கட்டுரை வருந்துவதை, அமெரிக்காவின் மினசோட்டா மாநில வாக்காளனாகிய என்னால் முழுமையாக ஏற்க இயலவில்லை. 2024 பிப்ரவரி 27 அன்று மாலை 7 மணிக்கு எங்கள் வட்டாரக் காக்கஸ், அதாவது கட்சி ஆதரவாளர்கள் கூடிப் பிரதிநிதிகளையும் தீர்மானங்களையும் முடிவுசெய்யும் கூட்டம், ஒரு பள்ளி வகுப்பறையில், முழங்கால் மேசையில் இடிக்கும் குட்டை நாற்காலிகளில் நடைபெற்றது. வந்தவர்கள் ஒன்பது பேர். கட்சியின் அடுத்த நிலை மாநாட்டுக்குத் தேவைப்பட்ட பிரதிநிதிகளோ அதைவிட அதிகம் என்பதால், கையை உயர்த்திய அனைவரும் தேர்வானோம். நூலகங்களுக்குக் கூடுதல் நிதி கோரி நான் எழுதிக் கொடுத்த தீர்மானமும் ஐந்து நிமிட விவாதத்துக்குப் பின் நிறைவேறியது. அதிபர் வேட்பாளருக்கான தேர்வு 2020 முதல் இங்கே வாக்குச்சாவடிக்கு மாறிவிட்டாலும், ஆளுநர், சட்டமன்ற வேட்பாளர்களுக்கான கட்சி ஆதரவு இந்த அறைகளிலிருந்துதான் தொடங்குகிறது.

புகார்கள் அனைத்தும் வீண் என்று சொல்லமாட்டேன். 2020இல் அயோவா மாநிலக் காக்கஸில் ஜனநாயகக் கட்சி முடிவுகளைத் திரட்டப் பயன்படுத்திய செயலி பழுதாகி முடிவுகள் நாள்கணக்கில் தாமதமானது உண்மையான குறை. காக்கஸில் பங்கேற்கப் பத்து நாள் முன்னறிவிப்புடன் விடுப்பெடுக்க மினசோட்டாச் சட்டம் இடமளித்தாலும், அன்றைய ஊதியத்தை இழக்க முடியாதவருக்கு அதனால் பயனில்லை. ஆனால், எங்கள் தெருவில் நடைமுறையை ஓயாமல் ஏசுபவர்களில் பலர் அந்த நேரத்தில் வீட்டில்தான் இருந்தார்கள்.