அவசரத்துக்குக் கொடுத்தால் போதுமா?

"முகாமில் எடுக்கும் ரத்தமெல்லாம் விலைக்குப் போகிறது, நம்ம வீட்டு ஆளுக்குத் தேவைப்படும்போது போய்க் கொடுத்தால் போதும்" என்று மேலே எழுதியிருக்கிறீர்கள் அண்ணா. பாதிகூடச் சரியில்லை.

காசு வாங்கிக்கொண்டு ரத்தம் கொடுப்பது, 1996 உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி, 1998 ஜனவரியிலிருந்தே தடை. தனியார் மருத்துவமனை பில்லில் வருவது பரிசோதனைக்கும், ரத்தத்தைச் சிவப்பணு, தட்டணு (பிளேட்லெட்) என்று பிரித்து வைப்பதற்கும் ஆகும் கட்டணம். அதற்கும் வரம்பு உண்டு, மீறி வாங்கினால் தாராளமாகச் சண்டை போடுங்கள்.

சரி, அவசரத்துக்கு வருவோம். ஏற்காடு மலைப்பாதையில் ஏதோ ஒரு கொண்டை ஊசி வளைவில் வண்டி கவிழ்ந்து, ஆளைச் சேலம் பெரியாஸ்பத்திரிக்கு இறக்கிக் கொண்டுவருகிறார்கள் என்று வையுங்கள். நீங்கள் ஓடிப்போய்க் கை நீட்டினாலும் அந்தப் பையைச் சுடச்சுட அவருக்கு ஏற்ற மாட்டார்கள். எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, சி, சிபிலிஸ், மலேரியா எல்லாம் பார்த்து முடிக்கவே சில மணி நேரம் ஆகும். அதுவரை அவர் உயிரைப் பிடித்து வைப்பது, முன்பே யாரோ கொடுத்து ரத்த வங்கிக் குளிர்பெட்டியில் காத்திருக்கும் பைதான். அதுவும் சிவப்பணு ஐந்தாறு வாரம் தாங்கும், தட்டணு ஐந்தே நாள். தலைவர் பிறந்தநாளுக்கு மட்டும் கூட்டமாகப் போய்க் கொடுத்துவிட்டு வருடம் முழுக்கச் சும்மா இருந்தால் இதனால்தான் சிக்கல்.

18 வயதும் 45 கிலோவும் தாண்டி, ஹீமோகுளோபின் 12.5 இருந்தால் ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறையும் கொடுக்கலாம். அப்புறம், சாப்பிட்டுவிட்டுப் போங்கள், வெறும் வயிற்றோடு போனால் எடுக்க மாட்டார்கள்.