112 இடம் இல்லையென்றால் ஆட்சி செல்லாதா?

மலேசியாவில், பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் தோட்டத்துப் புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: “தனியாக 112 இடம் ஜெயிக்காத கூட்டணியின் ஆட்சி செல்லாது, மறுதேர்தல் கட்டாயம்.” தவறு.

அரசமைப்பின் 43(2) பிரிவில் கட்சி என்ற பேச்சே இல்லை. மக்களவையின் 222 பேரில் பெரும்பான்மையோரின் (அதாவது குறைந்தது 112 பேரின்) நம்பிக்கை யாருக்கு இருக்கும் என்று மாமன்னர் கருதுகிறாரோ, அவரே பிரதமர். 2022-இல் பிரதமரான அன்வார் இப்ராகிமின் கூட்டணி வென்றது 80-க்குச் சற்று மேல்தான். மற்றவர்கள் கை கொடுத்தார்கள். டிசம்பர் 19 அன்று அவையில் நம்பிக்கைத் தீர்மானமும் நிறைவேறியது.

ஆதரிப்பவர் அமைச்சராக வேண்டும் என்பதும் இல்லை. 2021-இல் அப்போதைய பிரதமர் இஸ்மாயில் சப்ரியோடு ஒப்பந்தம் போட்ட கூட்டணி, எதிர்க்கட்சி வரிசையில் உட்கார்ந்தபடியே பட்ஜெட்டைக் கவிழ்க்காமல் விட்டது.

அப்புறம் அந்த மறுதேர்தல். தூரம் போக வேண்டாம், நம்ம பேராக்கிலேயே 2020 டிசம்பரில் மந்திரி பெசார் (மாநில முதலமைச்சர்) அகமட் பைசால் நம்பிக்கை வாக்கெடுப்பில் 10-க்கு 48 என்று தோற்றார். சட்டமன்றம் கலையவில்லை, சில நாளில் சாரானி முகமட் பதவியேற்றார்.