இன்கம் பாலிசியைச் சரண்டர் செய்யும் முன்

“என்டியுசி இன்கம் அலையன்ஸுக்குப் போய்விட்டது, பழைய பாலிசி செல்லாது, இப்போதே சரண்டர் செய்யுங்கள்” என்று சிலர் சொல்வது தவறு. இன்கம் ஒரு சிங்கப்பூர்க் காப்பீட்டு நிறுவனம்; சரண்டர் என்றால் பாலிசியை இடையிலேயே முடித்துப் பணத்தைத் திரும்பப் பெறுவது. ஜெர்மன் காப்பீட்டு நிறுவனமான அலையன்ஸ் 2024 ஜூலையில் இன்கத்தின் குறைந்தது 51% பங்குகளை வாங்க முன்வந்தது உண்மை. ஆனால் அக்டோபர் 14 அன்று அரசாங்கம் அந்தத் திட்டத்தை ஏற்கவில்லை. டிசம்பரில் அலையன்ஸே விலகிக்கொண்டது.

குழப்பத்துக்குக் காரணம் வேறு. 1970இல் கூட்டுறவாகத் தொடங்கிய இன்கம், 2022 செப்டம்பரில் நிறுவனமாக மாறியது. அப்போது பாலிசிகள் அப்படியே புதிய நிறுவனத்துக்கு மாறின.

பதறிச் சரண்டர் செய்தால்தான் நட்டம். முழு ஆயுள் பாலிசியில் தொடக்க ஆண்டுகளில் கட்டிய பிரீமியத்தைவிடக் கைக்கு வருவது மிகக் குறைவு. சில நேரம் ஒன்றுமே இராது. வேறு இடத்தில் புதிதாக எடுத்தால் வயது கூடியிருக்கும், மருத்துவக் கேள்விகள் மறுபடி முதலிலிருந்து. இடையில் சர்க்கரை, ரத்த அழுத்தம் வந்திருந்தால் அந்த நோய்க்குக் காப்பு இல்லை என்று விலக்கு போடுவார்கள், அல்லது பிரீமியத்தை ஏற்றுவார்கள். ஷீல்டு எனப்படும் மருத்துவமனைக் காப்பீட்டுத் திட்டத்தை மாற்றுவோருக்கும் இதே ஆபத்துதான். கட்டவே முடியாத நிலை என்றால் முதலில் சரண்டர் மதிப்பை எழுத்தில் கேளுங்கள். பிரீமியத்தை நிறுத்தி, காப்புத்தொகையைக் குறைத்துத் தொடர வழி உண்டா என்றும் கேளுங்கள். புதியது உறுதியாகும்வரை பழையதைத் தொடாதீர்கள்.

நிறுவனமே நொடித்தால்? பாலிசிதாரர் பாதுகாப்புத் திட்டம் உண்டு, தனியாகப் பதிய வேண்டாம். தனிநபர் ஆயுள் பாலிசியில் உத்தரவாதக் காப்புத்தொகைக்கு 5,00,000 வெள்ளி, உத்தரவாதச் சரண்டர் மதிப்புக்கு 1,00,000 வெள்ளி உச்சவரம்பு. இன்னும் அறிவிக்காத போனஸ் இதில் சேராது.