எல்டி (லைட் டிரக்) டயருக்கும் கதவு ஸ்டிக்கர்ல இருக்கிற அதே காத்து போதுமா? போதாது
ஒருத்தர் "பெரிய எஸ்யூவிக்கு பத்து பிளை எல்டி டயர் தான் எப்பவும் சேஃப், கதவு ஸ்டிக்கர்ல போட்டிருக்கிற அதே காத்து அடிச்சா போதும்"னு சொல்லியிருக்காரு. முதல் பாதி விவாதத்துக்குரியது, ரெண்டாவது பாதி ஆபத்து.

எல்டி டயரோட பலமே அதிக காத்துல தான் இருக்கு. 275/65 ஆர்18 சைஸையே எடுத்துக்கோங்க, சாதாரண டயர்ல லோடு இண்டெக்ஸ் (ஒரு டயர் எவ்வளவு எடை தாங்கும்னு சொல்ற எண்) 116, அதாவது 1250 கிலோ, அதே சைஸ் எல்டி, லோடு ரேஞ்ச் ஈ-ல (பத்து பிளைனு சொல்றது இதைத்தான்) 123, 1550 கிலோ, பார்க்க எல்டி தான் கெத்து, ஆனா அந்த 1550 வர்றது காத்தழுத்தம் 80 பிஎஸ்ஐ-ல இருக்கும்போது தான். ஸ்டிக்கர் சொல்ற 35-ல வச்சு ஓட்டினா அது அந்த சாதாரண டயரை விட கம்மியா தான் தாங்கும், ஆளு, லக்கேஜ் எல்லாம் ஏத்தி ஹைவேல போனா சைடுவால் (டயரோட பக்கச் சுவர்) வளைஞ்சு வளைஞ்சு சூடாகும். காத்து குறைஞ்சா எச்சரிக்கிற டிபிஎம்எஸ் லைட்டும் எரியாது, அதுக்கு ஸ்டிக்கர் அளவு தான் கணக்கு.

அதுக்காக 80 அடிச்சிடாதீங்க சாமி, அது உச்ச வரம்பு. டயர் கம்பெனியோட லோடு டேபிள்ல வண்டியோட வந்த டயர் தாங்கின எடைக்கு எவ்வளவு பிஎஸ்ஐ வேணும்னு பார்த்து அடிங்க.

அப்புறம் "பத்து பிளை"னா உள்ள பத்து லேயர் இருக்குன்னு அர்த்தம் இல்ல, அது பழைய காலத்து ரேட்டிங் பேர். கனமா டிரெய்லர் இழுக்கிறது, கல்லு ரோடு, இதெல்லாம் இல்லாதவங்களுக்கு எல்டி-யோட எடையும் குலுக்கலும் மைலேஜ் நஷ்டமும் தான் மிச்சம்.